முப்பத்தொன்பது வீதம்

கிராண்ட்பாஸில் லொறிகள் பின்வாங்கும் ஒழுங்கை.
ஃபாஹிமின் யோகட் அறை:
தகரக் கூரை, ரெஜிஃபோம் ஒட்டிய சுவர்.
பால் உறைய வேண்டியது நாற்பத்து மூன்றில்.
அறை நின்றதோ
நாற்பத்தொன்று தசம் ஆறில்.

பழுதென்று ஒன்றுமில்லை, அதுதான் சிக்கல்.
ஹீட்டர் நலம். சென்சர் நலம்.
கொன்ட்ரோலர் தன் கணக்கில் மிகச் சரி:
எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தருவேன் என்கிறது.
குறை சுருங்கச் சுருங்கக் கையும் சுருங்கும்.
கம்பி தரும் சூடும் சுவர் தின்னும் சூடும்
ஒன்றுக்கொன்று சரியாகிப்போன இடத்தில்,
ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாய்,
குடியேறிவிட்டது.
குறையே இல்லாவிட்டால்
கொடுக்கவும் ஒன்றுமில்லை அதனிடம்.

ஜெசிந்தா இதை எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள்,
இரவெல்லாம் கப்புகளுக்கு மூடி ஒட்டுபவள்.
"நாப்பத்தி நாலு தசம் ஆறு எண்டு பொய் சொல்லிப் பாத்தன் மிஸ்,
சரியா நாப்பத்தி மூண்டுக்கு வந்து நிக்குது."
கதவின் பின்புறம் சோக்கால் எழுதியிருந்தாள்,
வெயிலுக்கு ஒரு பொய்
மழைக்கு ஒரு பொய்.
துறைமுகப் பக்கம் இருண்டு கூரையில் மழை அறைந்தால்
எழும்பிப் போய்த் திருகுவாள்.
கண்ணயர்ந்த இரவுகளில்
தசம் நாலு சரிந்திருக்கும்,
விடியலில் யோகட் தளர்ந்திருக்கும்.

பொருத்தியவன் 'ஐ'யைப் பூச்சியத்தில் விட்டுப் போயிருந்தான்.

'ஐ' என்றால் தொகையீடு.
உயர்தரத்தில் அதை ஒரு நீண்ட வளைவாய்
பரீட்சைத் தாளில் வரைந்துவிட்டு மறந்திருந்தேன்.
இங்கே அது கடைக்காரனின் கடன் கொப்பி.
இந்த விநாடியின் வழுவை
இதுவரையான தொகையோடு கூட்டி எழுதும்.
சின்ன வழுதான்.
ஆனாலும் போகவில்லையே என்று
மறுபடி கூட்டும்.

வெள்ளிக்கிழமை அதைத் திறந்துவிட்டேன்.
தசம் ஆறு. தசம் எட்டு.
நாற்பத்திரண்டு தசம் ஒன்று.
ஆமர் வீதிச் சந்தியில் ஊரும் பஸ்போல
ஒரு அவசரமுமில்லாமல் வந்து
நாற்பத்து மூன்றில் நின்றது.

ஞாயிறு அதிகாலை நாலரை.
மூன்றாவது முறை அடித்தபோதுதான் போனை எடுத்தேன்.
"நாப்பத்தி ஒம்பது! ஆயிரத்தெண்ணூறு கப்! என்னா மிஸ் செஞ்சீங்க?"

இரண்டு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது.
ஹீட்டர் அணைந்தது.
கொன்ட்ரோலர் அணையவில்லை;
கமராவுக்கு வைத்த பற்றரியிலிருந்து
அதற்கும் ஒரு வயர் இழுத்திருந்தார் ஃபாஹிம்.
இருட்டில் அது எழுதிக்கொண்டே இருந்தது.
குறைகிறது, கூட்டு.
இன்னும் குறைகிறது, கூட்டு.
கையை முழுதாய் நீட்டியாயிற்று,
நீட்டிய கையில் ஒன்றுமில்லை என்பது தெரியாமல்
கூட்டு, கூட்டு.
மூன்றரைக்குக் கரண்ட் வந்தது.
நாற்பத்து மூன்றைத் தொட்டும் நிற்க முடியவில்லை அதனால்.
ஏறிய தொகை இறங்க ஒரே வழி
எதிர்ப்பக்கத்து வழு.
குளிர்ந்த நேரத்துக்கெல்லாம்
வெந்து கழிக்க வேண்டும்.

பிழை என்னுடையது. எல்லை வைக்க மறந்தேன்.
இப்போது ஒரு விதி எழுதியிருக்கிறேன்:
கை முழுதாய் நீண்டபின்
கொப்பியை மூடிவை.
கமரா வயரைக் கழற்றினேன்.
பாதிக் கப்புகளின் காசை
என் பில்லில் கழித்தார் ஃபாஹிம்.

அடுத்த மழைக்கு நானும் காவலிருந்தேன்.
பழக்கத்தில் எழும்பி வந்தாள் ஜெசிந்தா,
கையில் சோக்.
திரையில் நாற்பத்து மூன்று, அசையவில்லை.
"இப்ப பிழை ஒண்டுமில்லையே.
பிறகேன் மிஸ் ஹீட்டர் எரியுது?"

பகல் வெயிலில் முப்பத்தொன்பது வீதம்.
இந்த மழைக்கு ஐம்பது.
வழு பூச்சியம், கொப்பி பூச்சியமில்லை.
தீர்ந்துபோன குறைகளின் கூட்டுத்தொகைதான்
இந்த நிமிடம் எரிந்துகொண்டிருக்கிறது
என்று சொல்லத் தொடங்கி
"முன்னம் குறைஞ்சதெல்லாம் ஞாபகம் வச்சிருக்குது" என்றேன்.

தலையாட்டினாள்.
கதவின் பின்னிருந்த எண்களை அழிக்கவில்லை.
"இருக்கட்டும் மிஸ்.
ஞாயிற்றுக்கிழமைகளில
நீங்க போன் எடுக்கச் சுணங்குமே."